செருப்புக் காவல்

ஜன்னல் ஓரத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன் என்று தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. எனக்கு வெளியே பார்த்துக்கொண்டு போக வேண்டும். பார்ப்பது ஒன்றுதான் எனக்கு வரும். பேச்சு வராது. காலேஜில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் அம்மா' என்று சொல்வதற்குக்கூடப் பக்கத்தில் இருக்கிறவள் முழங்கையால் இடிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு உங்களிடம் வாயைத் திறக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. நீங்கள் திருநெல்வேலியில் இறங்கி மகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவீர்கள். அப்புறம் நாம் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. பார்த்துக்கொள்ளப் போகாதவர்களிடம் பேசுவது சுலபம்.

எங்கே போகிறாய் என்று கேட்டீர்கள். மைதானத்துக்கு. போலீஸ் வேலைக்கு உடல்திறன் தேர்வு. ஓட வேண்டும், நீளம் தாண்ட வேண்டும், குண்டு எறிய வேண்டும். எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. அதில் பாஸ். போன தடவையும் பாஸ். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பது தெரிகிறது. பாருங்கள், பரவாயில்லை. எல்லோரும் பார்ப்பார்கள். ஓடுவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அங்கே போய் மண் எப்படி, வெயில் எப்படி என்று பார்க்காமல் ஒரு முடிவுக்கு வரக் கூடாது.

இதுதான் கடைசித் தடவை என்று அப்பா சொல்லிவிட்டார். ஒரு ஜவுளிக்கடையில் என் பெயரைச் சொல்லிவைத்திருக்கிறார். மாடியில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் உட்கார்ந்து பில்லைச் சரிபார்க்க வேண்டும். "ஒன்ன யாரும் பாக்க மாட்டாங்க. நீயும் யாருகிட்டயும் பேச வேண்டாம். ஒனக்குன்னே செஞ்ச வேலைம்மா" என்றார். நல்ல வேலைதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பில் புளி கூடிப்போயிருந்தது.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. மற்றவர்களைப் பற்றி. ஒரு வருஷம் முழுக்க ஒரு காரியத்தில் நிற்க இந்த ஊரில் யாருக்கும் துப்பு கிடையாது. அதை ஒரு நாள் விடாமல் பார்த்தவள் நான்.

ஆரம்பித்தது முந்தின வருஷம் மாசியில். தென்காசியில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம் உண்டு. ஒரு மூலையில் வேப்பமரம், அதன் அடியில் ஒரு கல். எதிர்ப்பக்கம் வேலிக்கு வெளியே பஸ் ஸ்டாப், ஒரு டீக்கடை. சந்தனகுமார் சார் என்று ஒருவர், போட்டித் தேர்வுக்கு வகுப்பு நடத்துகிறவர், விடியற்காலையில் ஓட்டப் பயிற்சி என்று வாட்ஸப்பில் கூப்பிட்டார். காசு கிடையாது. காசு கிடையாது என்றதும் மைதானம் கொள்ளவில்லை. இத்தனை பேருக்குப் போலீஸ் ஆகிற ஆசை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். பாதிப் பேர் வீட்டில் கோலம் போடுகிற நைட்டியிலேயே வந்துவிட்டார்கள். மீதிப் பேர் சுடிதார். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்வார்கள். ட்ராக் பேண்ட் போட்டுக்கொண்டு வாசற்படியைத் தாண்ட எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் தைரியம் கிடையாது. நானும் சுடிதார்தான். எனக்கு அது வசதி, அதனால்.

சார் கழுத்தில் விசில் போட்டுக்கொண்டு ஒரு பேச்சுப் பேசினார். "பருவம் மாறும். நம்ம பாதை மாறக் கூடாது. வெயிலோ மழையோ, உள்ளுக்குள்ள எரியுத நெருப்பு அணையக் கூடாது." எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மழைக்கு எந்த நெருப்பு அணையாமல் இருக்கும் என்று ஒருத்திகூட யோசிக்கவில்லை.

முதல் நாள் நானும் ஓடினேன். ஒரு சுற்று. டீக்கடைப் பக்கம் திரும்பும்போது பெஞ்சில் இருந்த ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனை இடித்து, "ஏல, அங்க பாரு, தேரு கெளம்பிட்டு" என்றான். பெஞ்சே சிரித்தது. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவன் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான், இடது காதில் பஞ்சு வைத்திருந்தான், தோளில் துண்டு, துண்டின் ஓரம் நைந்திருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. மறுநாளிலிருந்து நான் வேப்பமரத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆமாம் அக்கா, செருப்பு. ஷூ வாங்கி மாட்டிக்கொண்டு ஓடுகிற வசதி அங்கே யாருக்கு இருக்கிறது? எல்லோரும் வெறுங்கால்தான். செருப்பை மரத்தடியில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். மைதானத்து நாய்க்குச் செருப்பு என்றால் உயிர். அதுவும் ஒற்றைச் செருப்பாகப் பார்த்துத்தான் தூக்கிக்கொண்டு போகும். அதனால் ஒருத்தி காவல் இருக்க வேண்டும். பொறுப்பான வேலை. பொறுப்பில்லாதவர்கள் ஓடினார்கள். நான் இருந்தேன்.

பங்குனி பிறந்தது. வெயில் வந்ததும் முதலில் கழன்றவள் ஜோஸ்பின். என்னோடு காலேஜில் படித்தவள், பேச்சுப் போட்டியில் எல்லாம் கோப்பை வாங்கினவள். ஒரு நாள் மரத்தடிக்கு வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே, "மொகமெல்லாம் கறுத்துட்டு செல்வி. எங்கம்மை திட்டுதா. வெயில் தாழட்டும், வைகாசிக்கு மேல வாரேன்" என்றாள். எவ்வளவு கேவலம் பாருங்கள். போலீஸ்காரிக்கு ரோட்டில் பந்தல் போட்டா நிற்க வைப்பார்கள்? முகம் கறுக்கும் என்று பயந்தவள் எதற்கு விண்ணப்பம் போட வேண்டும்? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சித்திரையில் நானும் ஓடவில்லைதான். அது வேறு. நான் விலங்கியல் படித்தவள். உடம்பில் நீர் வற்றுகிற காலத்தில் தசையை வருத்தக் கூடாது. படித்தவளுக்குத் தெரியும். ஜோஸ்பினுடையது சோம்பல், என்னுடையது அறிவியல்.

அப்புறம் காற்று. எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும், நீங்களும் இந்தப் பக்கம்தானே. வைகாசி கடைசியில் கணவாய் வழியாக ஒரு காற்று வரும். மைதானத்து மண் முழுக்க எழுந்து நிற்கும். அக்கா தங்கச்சி இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒரே மாதிரி ஜடை, ஒரே மாதிரி துப்பட்டா. கண்ணில் மண் விழுகிறது என்று சொல்லி இரண்டு பேரும் ஒரே நாளில் நின்றுவிட்டார்கள். கண்ணில் மண் விழுந்தால் கண்ணை மூடித் திறக்க வேண்டும். அதற்கு ஒரு வருஷத்துக் கனவையா விடுவார்கள்? நான் அந்தக் காற்றில் ஓடாததற்குக் காரணம் துப்பட்டா. காற்றில் அது பறக்கும், அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும். ஒரு கை போனால் ஓட்டத்தில் சமநிலை போய்விடும். இதையெல்லாம் அவர்கள் யோசித்தே இருக்க மாட்டார்கள்.

ஆனியில் சாரல் விழுந்தது. அன்றைக்கு மைதானத்தில் ஒருவர் குறைந்தார். யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம். சந்தனகுமார் சார். காலையில் ஒரு குரல் செய்தி வந்தது. "சாரல் காலத்துல புல்லு வழுக்கும். வீட்டுக்குள்ளயே பயிற்சி எடுங்க. உள்ளுக்குள்ள எரியுத நெருப்ப விட்டுராதீங்க." பின்னாலிருந்து ஒரே தண்ணீர்ச் சத்தம். என்னடா என்று அவர் ஸ்டேட்டஸைப் பார்த்தால், குற்றாலத்து அருவியில் இடுப்பில் துண்டோடு நிற்கிறார். நெருப்பு எங்கே எரிந்தது என்று தெரியவில்லை. அந்த சீசன் முடியும்வரைக்கும் தினமும் ஒரு குரல் செய்தி, தினமும் தண்ணீர்ச் சத்தம். விசிலை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவளும் நின்றுவிட்டாள். விசில் எங்கே போனதோ.

இது பாவூர்சத்திரமா? பரவாயில்லை, சீக்கிரம் வந்துவிட்டது. கொஞ்சம் காலை நீட்டிக்கொள்கிறேன், செருப்பைக் கழற்றிப் போட்டுவிடுகிறேன். அம்மாவுடையது, எனக்குப் பெரிது. என்னுடையது போய்விட்டது. எப்படி என்று அப்புறம் சொல்கிறேன்.

இவ்வளவு பேர் கழன்றார்களே, யார்தான் மிஞ்சினார்கள் என்று கேட்பீர்கள். முப்பிடாதி. எங்கள் தெருக்காரி. கோயில் சாமி பெயர்தான், முப்பிடாதியம்மன். குச்சி மாதிரி இருப்பாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு பாத்திரக்கடையில் குடம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் பேச்சில் ஒரு பொருத்தமும் கிடையாது. எழுத்துத் தேர்வுக்கு அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சதவிகிதம் புரியவைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. "அண்டா வெலையில தள்ளுபடி போடுத மாதிரிதான?" என்று கேட்பாள். படிப்பை அப்படியா அணுகுவது? அப்படியே அணுகி, விளிம்பில் பாஸ் பண்ணிவிட்டாள்.

அவளுக்கு மாமா மகன் ஒருத்தன் சுரண்டையில் கோழிக்கடை வைத்திருக்கிறான். தைக்குள் வேலை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் அவனுக்குத்தான் என்று அவள் அப்பா முடிவு செய்துவிட்டார். நான் ஒரு நாள் கேட்டேன், உனக்கு எங்கேயிருந்து இந்த ஊக்கம் வருகிறது, எல்லோரும் நின்ற பிறகும் வருகிறாயே என்று. "ஊக்கமா? ஓடுனா போலீசு, நின்னா கோழிக்கடை. இதுல என்னத்தட்டி யோசிக்க?" என்றாள். அவ்வளவுதான் அவள் சிந்தனை. ஒரு லட்சியம், ஒரு கொள்கை, ஒன்றும் கிடையாது. அவளுக்குப் பருவம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வெயிலா, போவாள். காற்றா, போவாள். மாட்டுக்கு இருக்கிற யோசனைகூடக் கிடையாது. மாடாவது மழைக்கு ஒதுங்கும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் அவள் ஒருத்தி ஓடினாள், நான் ஒருத்தி குடையோடு கல்லில் இருந்தேன். ஒரு ஜோடிச் செருப்புக்கு ஒரு காவல். ஒவ்வொரு சுற்றுக்கும் மரத்தடிப் பக்கம் வரும்போது மூச்சு வாங்க, "ஒரு சுத்து வாட்டி" என்பாள். "மழை விடட்டும்" என்பேன். அடுத்த சுற்றில் வந்து மறுபடியும், "மழை விட்டுட்டு, வாட்டி" என்பாள். விட்டிருக்கும்தான். ஆனால் மண் காய வேண்டும் இல்லையா? ஒரு தடவை குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தெரியவில்லை, எனக்குப் பிடிவாதம் எவ்வளவு என்று. இப்படி ஒரு மன உறுதி அந்த மைதானத்தில் வேறு யாருக்கும் இருந்ததில்லை.

மார்கழியில் பனி. எங்கள் ஊருக்கு அது புதுசு, அந்த வருஷம் அப்படிக் கொட்டியது. மரத்திலிருந்து பார்த்தால் வேலி தெரியாது. முப்பிடாதி வந்து, "இன்னைக்கு டீக்கடையே தெரியலட்டி. வா" என்றாள். டீக்கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் பனிக்குள் போய்விட்டாள். ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்கிற பக்குவம் கிடையாது. நான் பனியில் ஓடாததற்குக் காரணம் சைனஸ். அதை அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

தை வந்தது, தேர்வு வந்தது. இதே பஸ், இதே நேரம். அவள் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள். தேர்வுக்குப் போகிறவள் தூங்குவாளா? நான் தூங்கவில்லை. எனக்கு எல்லாம் தயாராக இருந்தது. எந்த வளைவில் மூச்சை விட வேண்டும், எங்கே கையை வீச வேண்டும், எல்லாம் பார்த்துப் பார்த்து மனப்பாடம். ஒரு வருஷம் ஓடினவளுக்குக்கூட அவ்வளவு தெரியாது.

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வரிசையாக உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு குழுவாக மைக்கில் பெயர் கூப்பிடுவார்கள். முப்பிடாதி முதலில் போனாள். போகும்போது செருப்பைக் கழற்றி என் மடிப் பக்கம் தள்ளிவிட்டு, "பாத்துக்கோட்டி" என்றாள். பழக்கதோஷம். தன் பையோடு சேர்த்துப் போட்டிருக்கலாம், அப்படித்தான் மற்றவர்கள் போட்டார்கள். அவள் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். சொல்லிவிட்டுப் போனால் பொறுப்பு யாருக்கு?

அடுத்த குழுவில் என் பெயர். ஆவுடைச்செல்வி. மைக்கில் கூப்பிட்டார்கள். கேட்டது. காதில் நன்றாகத்தான் விழுந்தது. திரும்பவும் கூப்பிட்டார்கள். எல்லோரும் திரும்பித் திரும்பி யார் என்று பார்த்தார்கள். ஓடுகிற பாதையின் இரண்டு பக்கமும் ஆட்கள். அந்தப் பக்கத்துப் பெஞ்சில் நாலைந்து போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் முப்பிடாதியின் செருப்பு. அதை விட்டுவிட்டு எப்படிப் போக முடியும்? அவ்வளவு போலீஸ் இருக்கிற இடத்தில் செருப்பை யார் எடுப்பார் என்று நீங்கள் கேட்பீர்கள். சரி, எடுக்க மாட்டார்கள். ஆனால் பார்த்துக்கொள்வார்களா? அது அவர்கள் வேலையா? வெயிலும் அன்றைக்கு அப்படி. தை மாதத்தில் அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததே இல்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

முப்பிடாதி தேர்ச்சி. மூச்சு வாங்க ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஒன்னயக் கூப்ட்டாவளா?" என்று கேட்டாள். நான் செருப்பைக் கொடுத்தேன். அவள் வாங்கி மாட்டிக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் பஸ்ஸில் ஊர் வருகிறவரைக்கும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள். ஜெயித்துவிட்டாள் அல்லவா, அதற்குள் அவ்வளவு கர்வம். வீட்டில் கேட்டார்கள். வெயில் என்று சொன்னேன். பொய் இல்லையே.

என்ன அக்கா, முறுக்கா? வேண்டாம், வேண்டாம். ஓடுகிற அன்றைக்கு எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடக் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன். ஓடுகிறவர்கள் சாப்பிடக் கூடாது.

அவள் ஆடியில் பயிற்சிக்குப் போய்விட்டாள். அதற்குள் அடுத்த தேர்வுக்கும் அறிவிப்பு வந்துவிட்டது. சந்தனகுமார் சார் புது விசிலோடு வந்துவிட்டார். "பருவம் மாறும். நம்ம பாதை மாறக் கூடாது." ஒரு எழுத்து மாறவில்லை. புதுக் கூட்டம், புதுக் கை தட்டல். நான் கல்லில் இருந்தேன். இருந்தேன் என்றால் பார்ப்பதற்காகத்தான். வெயிலில் இத்தனை பேர் போவார்கள், காற்றில் இன்னார் போவாள் என்று முதல் நாளே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன், எனக்குள். ஒன்றும் தப்பவில்லை. ஒருத்தி, ஆடிக்கு மறுவீடு போகிறேன் என்றாள். இன்னொருத்திக்குப் புரட்டாசியில் பல் வலி. ஐப்பசி மழையில் மொத்தமும் காலி. இந்தத் தடவை முப்பிடாதியும் இல்லை. டீக்கடைக்காரர்கூட மழைக்குப் பயந்து தார்ப்பாயை இறக்கி மூடிவிட்டார். பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்.

அன்றைக்குத்தான் மைதானத்து மண்ணைப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. மழையில் வழுக்கும், வழுக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையிலேயே வழுக்குகிறதா? இப்படிச் சும்மா சொல்லி நிற்கிறவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டாமா? நடந்தால் தெரியாது. ஓடினால்தான் தெரியும். ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். வழுக்கவில்லை. ஆனால் ஒரு நாளைப் போல மறுநாள் மண் இருக்காது. அதனால் மறுநாளும் பார்க்க வேண்டியிருந்தது. கார்த்திகை முழுக்கப் பார்த்தேன். வளைவில் மட்டும் கொஞ்சம் பிடிமானம் போகும், அங்கே கட்டைவிரலை அழுத்த வேண்டும். தாண்டுகிற குழியில் தண்ணீர் தேங்குமா என்று பார்க்கத் தாண்டியும் பார்த்தேன். மார்கழியில் மழை நின்றது, பனி வந்தது. பனியில் புல் எப்படி இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டாமா? கையில் போன் இருந்தது, அதனால் நேரமும் பார்த்தேன். முப்பிடாதியின் நேரம் எனக்கு மனப்பாடம். அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான்.

இது பயிற்சி இல்லை அக்கா. பயிற்சி என்றால் விசில் இருக்கும், ஆள் இருக்கும், பேச்சு இருக்கும்.

அப்படி ஒரு நாள் பார்த்துவிட்டு வருகிறேன், மரத்தடியில் ஒற்றைச் செருப்பு. காவலுக்கு ஆள் இல்லை என்று நாய்க்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அம்மாவுடையது.

பொங்கலுக்கு முப்பிடாதி லீவில் வந்தாள். கறுத்துப்போய், இன்னும் குச்சியாகி, தலையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். கோழிக்கடைக்காரன் அவளைப் பார்த்து எழுந்து நின்றானாம். அவள் வீட்டில் ஆணியில் தொப்பி தொங்கியது. சும்மா எடுத்து வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. காக்கி எனக்குப் பொருந்தாது என்றுதான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். தொப்பி மட்டும் சரியாக இருந்தது. கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பியும் பார்த்தேன். அவள் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

கீழே என் காலைப் பார்த்தாள். "என்னட்டி இது, குதியெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. ஓடுதியா?"

"மண்ணப் பாத்தேன்" என்றேன்.

"மண்ணப் பாத்தியா?"

"ஆமா. மழையில வழுக்குதான்னு."

அப்படி ஒரு சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன சிரிப்போ. பயிற்சியில் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள் போல. சிரித்து முடித்துவிட்டு, "இங்க பாரு. தேர்வு அன்னைக்கு நான் மைதானத்து வாசல்ல வந்து நிப்பேன். லீவ ரெண்டு நாளு கூட்டிக் கேட்டிருக்கேன். ஒஞ் செருப்ப நான் பாத்துக்கிடுதேன். செருப்பப் பாத்துக்க ஆளில்லன்னு ஒருத்தரும் சொல்லப்புடாது" என்றாள். ஒருத்தரும் என்று பொதுவாகச் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே விட மாட்டார்கள் என்றேன். "கேட்டுக்கு வெளிய நின்னா யாரு கேக்கா? கழத்திக் குடுத்துட்டு வெறுங்காலோட உள்ள போ" என்றாள். வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். லீவில் வந்தவள் நாலு நாள் அம்மா கையால் சாப்பிடாமல், யாருடைய செருப்புக்கோ காவல் நிற்பாளா? படித்திருந்தால் இந்தப் புத்தி வராது.

பேட்டை தாண்டிவிட்டோமா? கண்டக்டரிடம் மைதானத்து வாசலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கிறேன் என்றால், சீட்டு வாங்கும்போது முனங்கினேன். கேட்டதோ என்னவோ. கேட்காவிட்டால் நல்லதுதான், நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அடுத்த வண்டியில் ஊருக்குத் திரும்பிவிடலாம். வெயில் ஏறுகிறது பாருங்கள். தை மாதத்து வெயில் மாதிரியா இருக்கிறது? கண்ணாடி அறையில் ஏசி உண்டு என்று அப்பா சொன்னார்.

விசில் அடித்துவிட்டார். கேட்டிருக்கிறது.

அதோ. அங்கே, சுவர் ஓரத்தில், மஞ்சள் சுடிதார். பார்த்தீர்களா? வந்து நிற்கிறாள். வர வேண்டாம் என்று அவ்வளவு சொல்லியும் வந்து நிற்கிறாள். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்க்கிறாள். பக்கத்திலேயே புங்கமரம், நல்ல நிழல். இரண்டடி நகர்ந்து நிற்கத் தெரியவில்லை. இத்தனை மாதம் என்னதான் கற்றுக்கொடுத்தார்களோ.

எழுந்துகொள்கிறேன் அக்கா. ஓடுவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். இவள் எப்படிக் காவல் இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும், அதற்குத்தான். இவள் நினைக்கிற மாதிரி அது லேசான வேலை இல்லை. கண் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகக் கூடாது. இவளுக்கு ஓடத்தான் தெரியும், உட்காரத் தெரியாது. ஒரு தடவை இருந்து பார்க்கட்டும், அப்போது தெரியும். அதற்கு நான் செருப்பைக் கொடுத்தாக வேண்டும், கொடுத்தால் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். வேறு வழி இல்லை.

காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். செருப்பு ஒன்று உங்கள் பக்கம் சறுக்கி வந்துவிட்டது. ஐயோ, நீங்கள் குனியாதீர்கள், நானே எடுத்துக்கொள்கிறேன். இல்லை, இல்லை, கையிலேயே இருக்கட்டும். போட்டுக்கொண்டு இறங்கினால் அங்கே போய்த் திரும்பக் கழற்ற வேண்டும்.